கொம்பும் குரலும்: பிரிற்றனின் ‘செரனேட்’ இசை பற்றிக் கண்டியிலிருந்து ஒரு நோக்கு

மேலைத்தேயப் பல்லிய இசை பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் ஒரு வினாவுக்கு முகங்கொடுத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கண்டிப் பிரதேசத்திலிருந்து தமிழ்ச் சமூகத்தின் கலை வரலாற்றை ஆராயும் நாம், இலண்டன் மண்டபமொன்றில் முதன்முதல் ஒலித்த இசையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்பதே அவ்வினா. இதற்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உள்ளன. அத்தகைய இசை மேட்டுக்குடியினரின் ஓய்வுநேர நுகர்பொருள். 1958இல் கொழும்பிலே சிம்பொனி இசைக்குழு தோன்றிய காலந்தொட்டு இந்நாட்டிலும் அது ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு சிறு வட்டத்தினது அடையாளமாகவே இருந்து வந்துள்ளது என்பது ஒரு விடை. இசைக்கு மொழியுமில்லை, நாடுமில்லை, அது யாவர்க்கும் பொது என்பது மற்றைய விடை. முன்னையது முற்போக்காளர் பலர் கூறுவது. பின்னையது தூய கலைவாதிகள் கூறுவது. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இசையைக் கேளாமலே இரண்டையும் கூறிவிடலாம்.

ஒரு கலைப்படைப்பிற் சமூக உறவுகள் எங்ஙனம் படிந்துள்ளன என்பதை அப்படைப்பினுள்ளே சென்று காணவேண்டும் என்ற கொள்கையை இலக்கிய விமர்சனத்தில் நாம் ஏற்றுக்கொண்டுள்ளோம். இசைக்கும் அது பொருந்தும். பெஞ்சமின் பிரிற்றன் (1913–1976), ஆண்குரல்களுள் உயர்ந்த நிலையதான ‘ரெனர்’ குரலுக்கும், ‘ஹோர்ன்’ எனப்படும் ஊதுகொம்புக்கும், தந்திக் கருவிகளுக்குமாக ஆக்கிய ‘செரனேட்’ என்னும் படைப்பை இங்கு எடுத்துக்கொள்வதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. ஐரோப்பாவிலும் எமது மலைநாட்டிலும் கொம்பு நெடுங்காலமாக ஏவலின் கருவியாக இருந்தது. அவ்வேவற் கருவி மனிதக் குரலோடு சமநிலையில் உரையாடும் கருவியாக மாறுவதை இப்படைப்பிற் கேட்கின்றோம். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் எல்லை யாது, எமது தப்பும் பறையும் கொம்பும் பற்றிய விவாதத்துக்கு அது கற்பிப்பது என்ன என்பனவே இக்கட்டுரையின் அக்கறைகள்.

1943 ஒக்ரோபர் 15ஆந் திகதி இலண்டன் விக்மோர் மண்டபத்தில் ‘செரனேட்’ அரங்கேறியது. பீற்றர் பியர்ஸ் பாடினார்; டெனிஸ் பிரெயின் கொம்பு வாசித்தார்; ஜேர்மனியிலிருந்து வெளியேறிய யூதரான வோல்ற்றர் கோயர் இசைக்குழுவை நெறிப்படுத்தினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரிற்றனும் பியர்ஸும் மனச்சாட்சியின் பேரிற் போர்ச்சேவையை மறுத்தவர்கள். இருபத்திரண்டு வயதினரான பிரெயினோ அரச விமானப்படையின் வாத்தியக் குழுவிற் சேவையாற்றியவர். போரை மறுத்தவரின் குரலும் படைச்சேவையிலிருந்தவரின் கொம்பும் ஒரே மேடையிற் சேர்ந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆயின் அப்படைப்பின் உட்பொருளுக்கு அது புறம்பானதன்று. இதற்கு ஆறு மாதங்களின் பின், 1944 ஏப்ரலில், மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் வந்தமர்ந்தது. ஒரே பேரரசின் போர்க்கட்டளைகள் எமது மலைகளிலிருந்து பிறப்பிக்கப்பட்ட அதே ஆண்டில், அப்பேரரசின் தலைநகரிலே பியர்ஸும் பிரெயினும் பிரிற்றனின் நெறிப்படுத்தலில் இவ்விசையை ஒலிப்பதிவு செய்தனர். கண்டியிலிருந்து கேட்கும் எமக்கு இப்படைப்பு இத்தகைய பதிவுகள் வாயிலாகவே பெரும்பாலும் கிட்டுகின்றது.

ஐரோப்பியக் கொம்பின் பிறப்பிடம் வேட்டைக்காடு. நிலப்பிரபுக்களின் வேட்டையில் நாய்களையும் ஏவலாளரையும் நெறிப்படுத்தும் சமிக்ஞையாகவே அது பயன்பட்டது. பிரபுக்களின் மாளிகை இசைக்குழுக்களுள் அது புகுந்தபோதும் வேட்டையின் நினைவையும் உடைமையாளரின் பெருமையையும் சுமந்தே புகுந்தது. எஸ்ற்றர்ஹாசிப் பிரபுவின் சேவையிலிருந்த ஹைடன் 1765இல் நான்கு கொம்புகளுக்கு இடமளித்து இயற்றிய சிம்பொனி, ‘கொம்புச் சமிக்ஞை’ என்ற பெயராலேயே வழங்குகின்றது. அந்த ஹைடன்தானும் பிரபுவின் சீருடையணிந்து பணிபுரிந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொம்புக்கு அடைப்பிதழ்கள் பொருத்தப்பட்டன. அதன் பின்னரே வேண்டிய சுரங்களையெல்லாம் சீராக எழுப்பவல்ல கருவியாக அது வளர்ந்தது. தொழில்நுட்ப மாற்றத்தோடு சமூக மாற்றமும் சேர்ந்தது. பிரபுவின் வேலையாள் என்ற நிலை போய், சம்பளம் பெறும் தொழில்முறைக் கலைஞர் என்ற நிலை கொம்பு வாசிப்போருக்கு வந்தது. 1943இல் பிரெயின் மேடையின் முன்னணியில் பாடகருக்குச் சமமாக நின்றமைக்குப் பின்னால் இந்த இரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

கண்டியில் இவ்வரலாறு வேறு வகையாகச் சென்றது. தலதா மாளிகையிலும் பெரஹராவிலும் முழங்கும் முரசும் ஹொரணையும் சங்கும் இராசகாரியம் என்னும் கடமைமுறையோடு பிணைந்தவை. குறிப்பிட்ட சாதியினர், குறிப்பிட்ட சேவைக் காணிகளை அனுபவிப்பதற்கு ஈடாக இவற்றை இசைத்து வந்தனர். 1832இல் அரசுக்கான இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோதும் கோயிற் காணிகளின் சேவைக்கடமை தொடர்ந்தது. அதனை ஒழுங்குபடுத்துவதற்கு 1870இல் தனியாக ஒரு கட்டளைச் சட்டம் வேண்டியதாயிற்று. வெள்ளையர் வகுத்த தோட்டங்களில் ஒலி இன்னும் வெளிப்படையான ஏவலாயிற்று. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களிலே தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் ஒலியால் எழுப்பப்பட்டு ஒலியால் ஏவப்பட்டனர். தப்பும், சில தோட்டங்களிற் கொம்பும், பிற்காலத்தில் ஆலைச் சங்கும் அவர்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தன. தப்பு லயத்திலே சாவுக்கும் காமன் கூத்துக்கும் உரியது. அதே தப்பு விடியற்காலையில் துரைக்கும் உரியதாயிற்று. ஒரே கருவியில் மக்களின் உணர்வும் மக்கள்மீதான ஆட்சியும் ஒருங்கே ஒலித்த முரண்பாடு இது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிர்நீத்தார். வேலைநிறுத்தம் என்பதன் முதற்பொருள் பெரட்டுக்குச் செல்லாமை. அதாவது, அழைப்பொலியை மறுத்தல்.

தமிழ் இலக்கிய மரபிலும் கொம்பின் நிலை ஆராயத்தக்கது. கூத்தர் குழுவொன்று சுமந்து சென்ற கருவிகளைக் கூறுமிடத்து மலைபடுகடாம் முழவையும் குழலையும் தூம்பையும் குறிப்பதோடு, பீலி அணிந்த ‘கோட்டையும்’ குறிக்கின்றது. கோடு என்பது இங்கு ஊதுகொம்பு. மலைவழி நடந்து பரிசில் தேடிய கூத்தரின் பல்லியத்திற் கொம்புக்கு இடமிருந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் அவைக்களப் பல்லியத்தில் யாழும் குழலும் தண்ணுமையும் முழவும் ஆமந்திரிகையும் இடம்பெறுகின்றன, கொம்பு அங்கில்லை. ஒரு நூலின் மௌனத்தைக் கொண்டு பெருமுடிபு கட்டுதல் தகாது. எனினும் வேந்தவையும் நகர வணிகமும் வளர்ந்த சூழலில், அவைக்குரிய மென்கருவிகள் வேறாகவும், போருக்கும் ஊர்வலத்துக்கும் அறிவிப்புக்குமுரிய வன்கருவிகள் வேறாகவும் பிரிந்தன என்பது பிற்கால வழக்காற்றால் தெளிவாகின்றது. முன்னவை ‘இசை’ எனப்பட்டன. பின்னவை ‘தொழில்’ எனப்பட்டன. முன்னவற்றை வாசித்தோர் வித்துவான்களாயினர். பின்னவற்றை வாசித்தோர் குடிமைகளாயினர்.

இப்பின்னணியோடு ‘செரனேட்’ இசையைக் கேட்போமாயின் அதன் தொடக்கமே எமக்கு வியப்பளிக்கும். ஆறு பாடல்களுக்கு முன்னும் பின்னும் கொம்பின் தனியிசை ஒன்று வருகின்றது. அதனை வாசிக்கும்போது அடைப்பிதழ்களைப் பயன்படுத்தாமல் குழாயின் இயற்கைத் தொனிகளையே கையாள வேண்டும் என்பது பிரிற்றனின் நெறி. குழாயொன்றை ஊதும்போது இயல்பாக எழுபவை ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள். அவற்றுள் ஏழாவது, பதினோராவது, பதின்மூன்றாவது மடங்குகள் பியானோவின் சம இடைவெளிச் சுருதியோடு ஒத்துப்போவதில்லை. ஆதலின் பழகிய செவிக்கு அவை பிசகாகத் தோன்றும். கலைஞர் தவறிவிட்டார் என்று முதன்முறை கேட்போர் எண்ணவுங்கூடும். உண்மையில் இயற்கைக்கு ஒத்தவை அத்தொனிகளே. பியானோவின் சுருதி மனிதர் வசதிக்காக வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ‘பிசகு’ என்பது எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்ற உண்மையைச் சொல்லின்றியே இக்கொம்பு நிறுவிவிடுகின்றது. தப்பை நெருப்பிற் காய்ச்சிச் சுருதி கூட்டும் கலைஞரின் இசையைச் சுருதிப்பெட்டியின் அளவுகோலால் ‘அபசுரம்’ என ஒதுக்கியோருக்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

பாடல்களுக்குள் வருவோம். சார்ள்ஸ் கொற்றன், ரெனிசன், பிளேக், பென் ஜோன்சன், கீற்ஸ் ஆகியோரின் கவிதைகளையும், ஆசிரியர் பெயரறியாப் பழைய சாவுப்பாடல் ஒன்றையும் பிரிற்றன் தெரிந்தெடுத்துள்ளார். யாவும் மாலை, இரவு, உறக்கம், சாவு என்பவற்றைச் சூழ்ந்தவை. ரெனிசனின் கவிதை கோட்டை, ஏரி, மலைகளிடையே எதிரொலிக்கும் ஊதுகுழல் பற்றியது. அங்கே குரல் ஊதச் சொல்கின்றது, கொம்பு ஊதுகின்றது, ஊதிய ஒலி தேய்ந்து மறைவதைக் குரல் பின்தொடர்கின்றது. தொடக்கத்தில் ஏவுவது குரல், ஏவப்படுவது கொம்பு. ஒலி தேயத் தேய அந்த உறவு கலைந்து, குரலே கொம்பை ஒத்துத் தேய்கின்றது. ஏரியும் மலையும் சூழ்ந்த கண்டி நகரத்தில் இருப்போர்க்கு இக்காட்சி எளிதில் மனத்தில் விரியும். ஆனால் 1807இல் நாயக்க மரபின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அமைக்கத் தொடங்கிய இவ்வேரி இராசகாரிய உழைப்பால் எழுந்தது என்பதையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும். அழகினுள் மறைந்துறையும் அழிவைப் பிளேக்கின் நோயுற்ற ரோசா பற்றிய சிறு கவிதை பேசுகின்றது. அதனைப் பிரிற்றன் அமைத்த முறை குறிப்பிடத்தக்கது. அப்பாடலில் குரலுக்குச் சில வரிகளே உண்டு. துயரின் பெரும்பகுதியைக் கொம்பே அரைச்சுர இறக்கங்களாலே சொல்கின்றது. பாட்டுக்கு முன்னும் பின்னும் இட்டு நிரப்பும் பக்கவாத்தியமாக அது இல்லை. பொருளுரைக்கும் முதன்மைக் குரலாகவே அமைகின்றது.

எமக்கு மிக நெருக்கமானது சாவுப்பாடலே. வட இங்கிலாந்து மக்களிடையே பிணங்காக்கும் இரவிற் பாடப்பட்டது அது. இறந்தவரின் உயிர் முட்காட்டைக் கடக்கவேண்டும். வாழ்நாளிற் பிறர்க்குக் காலணி ஈந்தவர்க்கு அங்கே காலணி கிடைக்கும், ஈயாதவரை முள் எலும்புவரை தைக்கும் என்பது அதன் உட்கருத்து. வறியோர் தம் நீதியுணர்வை மறுமை பற்றிய அச்சத்தினூடே வெளியிட்ட பாடல் எனலாம். ஒன்பது கண்ணிகளையும் ரெனர் ஒரே மெட்டில், மாற்றமின்றி, உச்சத்தாயியில் மீளமீளப் பாடுகின்றார். தந்திக் கருவிகள் கீழிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஒன்றையொன்று துரத்தி வலுக்கின்றன. உச்சத்திற் கொம்பும் அவற்றோடு சேர்ந்து அதே கருப்பொருளை முழங்குகின்றது. லயங்களில் ஒப்பாரியையும் சாவுத்தப்பையும் கேட்டோர் இவ்வமைப்பை உடன் இனங்காண்பர். மாறாத மெட்டிற் புலம்பும் குரல் ஒருபுறம், அப்புலம்பலைச் சூழ்ந்து வலுக்கும் கருவியொலி மறுபுறம். துயரம் தன்னை மீட்டுச் சொல்வதனாலேயே ஆற்றல் பெறுகின்றது. இவ்வொப்புமைக்குக் காரணம் செல்வாக்கு அன்று. இரு நாட்டு உழைக்கும் மக்களும் சாவை எதிர்கொண்ட கூட்டு வாழ்க்கைமுறையே.

இனி இப்படைப்பின் எல்லையையும் கூறவேண்டும். பென் ஜோன்சனின் துதிப்பாடல் வேட்டைத் தெய்வமான டயானாவைப் போற்றுவது. அங்கே கொம்பு விரைந்து துள்ளும் தன் பழைய பிரபுத்துவ நடைக்கு மீளுகின்றது. அடுத்துவரும் கீற்ஸின் உறக்கக் கவிதையிற் கொம்பு முற்றாக மௌனிக்கின்றது. அதனை வாசிப்பவர் அவ்வேளை மேடையை விட்டு நீங்குகின்றார். இறுதித் தனியிசை மேடைக்கு வெளியே தொலைவிலிருந்து கேட்கின்றது. இதனை ஒருவகை விடுதலையாகக் கொள்ளலாம்: மேடையும் மண்டபமும் கடந்து கொம்பு தான் பிறந்த வெளிக்குத் திரும்புகின்றது. வெளியேற்றமாகவும் கொள்ளலாம்: கவிதையின் உயர்ந்த உறக்கத்துக்கு இடமளித்து முரட்டுக் கருவி வெளியே போய்விடுகின்றது. இவ்விரண்டையும் பிரிற்றன் தீர்க்கவில்லை. அவருடைய வர்க்க உலகிலே அதனைத் தீர்த்தற்குரிய சூழலும் இருக்கவில்லை. மாலையை நின்று நோக்கவும் உறக்கத்தை அழைத்துப் பாடவும் ஓய்வுள்ள ஒரு சமூகத்தின் இசை இது. எமது தோட்டங்களிற் கொம்பு ஒலித்தது உறக்கம் கலைப்பதற்கே. எனினும் கடைசிச் சொல் குரலுக்குரியதன்று, கொம்புக்குரியது என்ற முடிபிலே பிரிற்றனின் நேர்மை புலனாகின்றது. அதுவும் தொடக்கத்திற் கேட்ட அதே திருத்தப்படாத தொனிகளிலேயே முடிகின்றது.

பிரிற்றனின் பிற்காலப் படைப்பொன்று இவ்விவாதத்தைப் பேராதனைக்கு இன்னும் அண்மையிற் கொணர்கின்றது. 1956 பெப்ரவரியில் அவர் ரோக்கியோவில் ‘நோ’ நாடகத்தைக் கண்டார். அதன் விளைவு 1964இல் அரங்கேறிய ‘கேர்லியூ ரிவர்’. மகனை இழந்து பித்துற்ற தாயின் பாத்திரத்தைப் பீற்றர் பியர்ஸே பாடினார். கொம்பு உட்பட ஏழு கருவிகளை வாசித்தோர், நெறியாள்கையாளர் ஒருவரின்றி, நடிகர்களோடு அரங்கிலேயே அமர்ந்தனர். பிரிற்றனுக்குச் சற்று முன்பே, 1955இல், பேராதனை ஆசிரியரான எதிரிவீர சரச்சந்திர யப்பானிய அரங்கைக் கண்டு திரும்பி, 1956 நவம்பரில் ‘மனமே’யை மேடையேற்றினார். அதற்கு அடித்தளமாயமைந்த நாடகம என்னும் சிங்கள வடிவம் தமிழ்க் கூத்து மரபிலிருந்து கிளைத்தது என்பது அறிஞர் ஏற்றுக்கொண்டது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதே பல்கலைக்கழகத்திற் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, கிராமத்து வட்டக்களரியிலிருந்த கூத்து பல்கலைக்கழக மேடைக்கு வந்தது. அப்பணியின் வரலாற்று முக்கியத்துவத்தை எவரும் மறுக்கவியலாது.

ஆயினும் அக்கூத்துகள் பற்றிய எமது விமர்சனங்கள் பெரும்பாலும் கதையமைப்பு, ஆட்டம், காலச்சுருக்கம், ஒப்பனை ஆகியவற்றைப் பற்றியே பேசின. கருவியைப் பற்றியும் அதனை வாசிப்பவரின் சமூக நிலையைப் பற்றியும் பேசியவை குறைவு. வட்டக்களரியின் நடுவே நின்று முழுக் கூத்தையும் நடத்திய மத்தளம், படச்சட்ட மேடைக்கு வந்ததும் ஓரத்துக்கு ஒதுங்கியது. அவ்வொதுக்கம் வெறும் இடவசதிப் பிரச்சினை என நாம் கருதவில்லை. குரல் மேல், கருவி கீழ் என்ற பழைய அவைக்கள நோக்கே புதிய மேடையிலும் தொடர்ந்தது.

இதனோடு இணைந்த இன்னொரு பிரச்சினை உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சாதிக் கடமையாகப் பறையறைய மறுத்துக் கருவியையே கைவிட்டோர் பலர். ஓர் அருங்கலை அழிகின்றதே என்று வெளியில் நின்று வருந்துவோர், அக்கலை எந்த நிலைமையில் நிகழ்த்தப்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர். கைவிடும் உரிமை முதலில் அக்கலைஞருக்குரியது. பெரட்டை மறுத்த தொழிலாளியின் உரிமை எதுவோ, குடிமைத் தொழிலை மறுத்த பறைஞரின் உரிமையும் அதுவே. ஆனால் கருவியின்மீது ஏற்றப்பட்ட இழிவு கருவியின் இயல்பன்று. வேட்டை ஏவலாளின் கையிலிருந்த கொம்பு விக்மோர் மண்டபத்தில் முன்னணிக்கு வந்ததெனின், அதற்கு முன் அதனை வாசிப்பவர் ஏவலாள் என்ற நிலையிலிருந்து விடுபட்டிருந்தார். ஊதியமும் பயிற்சியும் மதிப்பும் அவருக்குக் கிடைத்திருந்தன. கருவி மட்டும் மேடையேறி, கருவியாளர் பழைய நிலையிலேயே இருப்பாராயின் அது கலை வளர்ச்சியன்று. இராசகாரியத்தின் புதிய வடிவமே.

ஆதலால் ‘செரனேட்’ போன்ற ஒரு படைப்பிலிருந்து எமது பல்கலைக்கழகங்களும் கலைஞர்களும் பெறத்தக்கவை மூன்று என நாம் கருதுகின்றோம். முதலாவது, தப்பு, பறை, கொம்பு ஆகியவற்றைக் கர்நாடக இசையின் சுருதி ஒழுங்குக்குள் ‘திருத்தி’ ஏற்கும் போக்கைக் கைவிட்டு, அவற்றின் இயற்கைத் தொனிகளை அவற்றின் நிலையிலேயே ஆராய்ந்து பதிவு செய்தல். இரண்டாவது, ஊர்வலத்துக்கும் வரவேற்புக்கும் மாத்திரம் அழைக்கப்படும் கருவிக் கலைஞரைக் குரலோடும் கவிதையோடும் சமநிலையில் இயங்கும் படைப்புகளுக்கு அழைத்தல். அவருக்குரிய ஊதியத்தையும் பெயரையும் வழங்குதல். மூன்றாவது, அக்கலைஞர் மறுப்பாராயின் அம்மறுப்பையும் கலை வரலாற்றின் ஒரு பகுதியாக மதித்து எழுதுதல்.

1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டுப் பல்லாண்டு போராடி அதனை மீளப்பெற்ற மலையக மக்கள், தம்மை எழுப்பிய ஒலிகளையும் தாம் எழுப்பிய ஒலிகளையும் இன்றும் நினைவில் வைத்துள்ளனர். தப்பை உறவினர் சாவுக்காகவும் துரையின் பெரட்டுக்காகவும் அடிக்கக் கேட்ட அச்செவிகள், கொம்பு ஏவலிலிருந்து உரையாடலுக்கு மாறும் இப்படைப்பின் பொருளை உணர்வதற்கு எவ்வகையிலும் தகுதி குறைந்தவையல்ல. மேலைத்தேய இசையை அம்மக்களுக்கு எட்டாப்பொருள் எனக் கருதும் முற்போக்குவாதமும், அவர்தம் இசையை இசையாகவே கருதாத தூய கலைவாதமும் ஒருங்கே திருந்தவேண்டிய இடம் இதுவேயாகும்.